மூன்றாம் வகுப்புச் செய்திகள்

நான் பிறந்து வளர்ந்தது ஒட்டன்சத்திரம் பக்கம். கல்யாணமாகி வந்தது செம்பட்டிக்கு. ஆசிரியர் வேலை கிடைத்ததோ திண்டுக்கல் டவுனில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகிற சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கும் தொடக்கப் பள்ளியில். நாலு அறைகள், ஒரு வேப்பமரம், தெருவைப் பார்த்தபடி பெரிய பெரிய சன்னல்கள். எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள்.

முதல் நாள் காலை, பிள்ளைகள் பள்ளியில் கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி, “ஏனுங்க கண்ணு, எல்லாரும் சாப்ட்டீங்களா?” என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கழுத்தைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பெரியவர்கள் யாராவது வந்து நிற்கிறார்களா என்று தேடியிருக்கிறான்.

“டீச்சர், யார்ட்ட கேக்குறீங்க?”

“உங்ககிட்டத்தானுங்க.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ‘ஏனுங்க டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் அந்தப் பையன்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய அப்பா ஒரு பிரியாணிக் கடையில் மாஸ்டர். பையனுக்கு வாய் ஓயவே ஓயாது.

முதல் இரண்டு வாரம் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. பாடத்தை எடுத்தால் போதும், இருபத்திரண்டு பேரும் கணீரென்று வாசித்தார்கள். அடுத்த அறையிலிருந்து தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாவது வாரம் ஒருநாள், பலகையில் எழுதிய பாடத்தில் தெரியாமல் குச்சியை வேறு வரியில் வைத்துவிட்டேன். பிள்ளைகள் சரியான வரியையே வாசித்துக்கொண்டு போனார்கள். சந்தேகம் வந்து, வேண்டுமென்றே கடைசி வரியில் குச்சியை வைத்தேன். அப்போதும் பாடம் நடுவிலிருந்து நிற்காமல் ஓடியது. ஒருத்தன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அவன் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார்.

“பாட்டா மனப்பாடம் பண்ணிருதுகம்மா. எழுத்தக் காட்டுனா முழிக்கும். இப்பதான் உங்களுக்குத் தெரியுது. நல்லது. பலருக்கு வருசக் கடைசி வரைக்கும் தெரியாது.”

அலமாரியிலிருந்து எழுத்து அட்டைகள் நிறைந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து நாங்கள் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்து விளையாடினோம். எழுத்தைக் கண்டுபிடித்து எடுப்பது, இரண்டு அட்டையைச் சேர்த்துச் சொல்லாக்குவது, கம்பியில் கோத்த அட்டைகளைப் புரட்டி வாசிப்பது. பாதிப் பேருக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. பிரியாணி மாஸ்டர் மகனுக்கு அரைகுறையாக வந்தது. முதல் எழுத்தைப் பார்ப்பான், மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்வான்.

ஒரு பெண் மட்டும் என் கையில் அகப்படவே இல்லை.

பாயின் ஓரத்தில், நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில்தான் எப்போதும் உட்காருவாள். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அவள் உதடுகள் அரைக் கணம் பிந்தி அசையும். தனியாகக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினால், அட்டையைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் என்னை அறியாமல் வாயைக் குவித்தால் “உ” என்பாள், வாயைத் திறந்தால் “ஆ” என்பாள். பல நாள் அவளுக்கு எழுத்து தெரியும் என்றே நம்பியிருந்தேன். விஷயம் புரிந்தபிறகு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அட்டையைக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு பேச்சே இல்லை. அத்தா தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறார், அம்மா வீட்டில் இடியாப்பம் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதுவும் பக்கத்துப் பிள்ளை சொல்லித்தான்.

ஒருநாள் பிரியாணி மாஸ்டர் மகன் அரை மணி நேரம் தாமதமாக, மூச்சிரைக்க ஓடி வந்தான். வாசலிலேயே கத்தினான்.

“டீச்சர்! எங்க தெருவுல ஒரு ஆடு கொடத்துக்குள்ள தலைய விட்டுருச்சு! எடுக்க வரல! கொடத்தோட ஓடுது டீச்சர்!”

அட்டைகள் எல்லாம் அப்படியே கிடக்க, இருபத்தோரு பிள்ளைகளும் எழுந்து சன்னலுக்கு ஓடினார்கள். உட்காருங்க, உட்காருங்க என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. வேறு வழி தெரியாமல் சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினேன்: ‘ஆடு குடத்துக்குள் தலையை விட்டது. குடத்தோடு ஓடியது.’

சன்னலில் இருந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தெருவில் ஆட்டைக் காணோம், பலகையில் இருக்கிறது.

“டீச்சர், இதுல ஆடு எது?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“கொடம் எது டீச்சர்?”

“கொடம் ரெண்டு எடத்துல இருக்கு! இங்க பாரு, இங்க!”

எந்தச் சொல் எது என்று அந்த வகுப்பில் யாரும் அதற்குமுன் என்னைக் கேட்டதில்லை. அன்று அட்டைப் பெட்டியை மூடிவிட்டேன். ஆட்டையும் குடத்தையும் வைத்தே மத்தியானம் வரை ஓட்டினோம்.

மறுநாள் மூன்று பேர் செய்தி கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒன்பது பேர். கூச்சல் தாங்காமல் விதிகள் போட வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு செய்தி. நேற்றோ இன்றோ உண்மையாக நடந்திருக்க வேண்டும். சொல்கிறவர் சொல்ல நான் எழுதுவேன், எல்லோரும் வாசித்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் செய்தி வரும்வரை பலகையை அழிக்கக் கூடாது. செய்தி சொன்னவர் பக்கத்தில் கலர் சாக்பீஸால் படம் வரையலாம்.

வந்த செய்திகளில் சில இன்னும் என் நோட்டில் இருக்கின்றன. ‘கரண்ட் போய்விட்டது. அப்பா விசிறினார். அம்மா தூங்கினார். அப்பா தூங்கவில்லை.’ ‘என் தம்பிக்குப் பல் விழுந்தது. அவன் அதை முழுங்கிவிட்டான்.’ ‘சித்தையன்கோட்டையில் இருந்து மாமா வந்தார். போக மாட்டேன் என்கிறார்.’

ஒருநாள் ஒரு சிறுமி, “நேத்து எங்க வீட்டுல வெஞ்சனம் இல்ல. தயிர ஊத்திச் சாப்ட்டோம்” என்றாள். எங்கள் பக்கம் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. நான் பலகையில் ‘பொரியல் இல்லை’ என்று எழுதினேன்.

“பொரியல் இல்ல டீச்சர். வெஞ்சனம்.”

“ரெண்டும் ஒன்னுதானுங்க கண்ணு?”

“ஒன்னு இல்ல டீச்சர். தொட்டுக்க எதுவுமே இல்லன்னு நான் சொல்றேன். நீங்க பொரியல் மட்டும் இல்லைன்னு எழுதுறீங்க. அப்ப கூட்டு இருந்துச்சான்னு கேப்பாகல்ல?”

அழித்துவிட்டு வெஞ்சனம் என்றே எழுதினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த கவனம் எனக்கு இல்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிரியாணி மாஸ்டர் மகன் முறை மறுபடியும் வந்தது. அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “நேத்து எங்கப்பா செஞ்ச பிரியாணி அண்டா அடிப்பிடிச்சிருச்சு. வெளிய சொல்லக் கூடாது.”

நான் யோசிக்கவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதானே விதி. ‘பிரியாணி அண்டா அடிப்பிடித்துவிட்டது. வெளியே சொல்லக் கூடாது’ என்று எழுதினேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் தொண்டை கிழிய வாசித்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய சன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன.

மறுநாள் பத்து மணிக்கு மாஸ்டர் வந்துவிட்டார். லுங்கியும் மேலே துண்டுமாக, அடுப்படியில் இருந்து நேராக வந்த ஆள்.

“ஏன் டீச்சர், இது உங்களுக்கே நல்லாருக்கா? கடைக்கு வர்ற ஆளுக எல்லாம், என்னண்ணே, அண்டா அடிப்புடிச்சிருச்சாமேன்னு கேக்குறாய்ங்க. முதலாளி காதுக்குப் போயிருச்சு. ஊருக்கே கேக்குற மாதிரி பிள்ளைகள வாசிக்க வச்சிருக்கீங்க!”

அடுத்த அறையிலிருந்து தலைமையாசிரியை எழுந்து வந்தார்.

“ஏங்க, அடிப்பிடிச்சது நெசமா இல்லையா?”

மாஸ்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “நெசந்தான்.”

“அப்ப செய்தி சரி. போர்டுல போட்டது தப்பு. இனிமே உங்க வீட்டுச் சமாச்சாரம் எதுவும் வராது, போங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “வீட்டு விசயம்னா வீட்டுல கேட்டுட்டு வரணும். இதையும் உங்க விதியில சேத்துக்கங்கம்மா.”

மாஸ்டர் வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “அவன் அத நோட்டுல எழுதிருக்கானா டீச்சர்?” என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். எழுத்துகள் கோடுகளுக்கு மேலும் கீழுமாக நடந்து போயிருந்தன. அண்டாவின் ‘ண்’ணுக்கு மட்டும் மூன்று சுழியும் சரியாக விழுந்திருந்தது. அவர் செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “எழுதிட்டானே பயபுள்ள” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபம் போய்விட்டதா இல்லையா என்று அவர் முகத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புதிய விதியை வகுப்பில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதை முதலில் மறந்தவள் நான்தான்.

ஆடிக் காற்று அடித்த ஒரு காலை. சன்னல் கதவுகளுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ என் சேலையை இழுத்தார்கள். பாயின் ஓரத்துப் பெண். கையில் ஊதா நிறச் சாக்பீஸ். அதைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள் போல. குனிந்தேன். காதில் சொன்னாள்.

“எங்கம்மா மாவு பெசையும்போது பாட்டுப் பாடுனாங்க. நான் எந்திரிச்சதும் நிப்பாட்டிட்டாங்க.”

அவ்வளவுதான். ஜூன் மாதத்திலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் இரண்டு வாக்கியம். எனக்கு இருந்த சந்தோஷத்தில் வீட்டில் கேட்டாயா என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஓடிப்போய் எழுதினேன்: ‘என் அம்மா மாவு பிசையும்போது பாட்டுப் பாடினார். நான் எழுந்ததும் நிறுத்திவிட்டார்.’

எல்லோரும் வாசித்தார்கள். அவள் பலகையின் ஓரத்தில் ஊதாவில் ஒரு பாத்திரமும், அதற்குமேல் இரண்டு கைகளும் வரைந்தாள். கைகள் பாத்திரத்தைவிடப் பெரிதாக இருந்தன. வரைந்து முடித்து, சாக்பீஸ் தூளைக் கையோடு கையாகத் தட்டிவிட்டு, மறுபடியும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் பள்ளி விட்டபிறகு நடந்தது எனக்கு அப்போது தெரியாது. வாசலில் வைத்து மாஸ்டர் மகன் அவளிடம், “ஒங்கம்மா கழுத மாதிரி பாடுனாங்கன்னு டீச்சர் போர்டுல எழுதிப்புட்டாங்க” என்று சொல்லியிருக்கிறான். அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. எல்லோரும் வாசித்தபோது சரியாகத்தான் காதில் விழுந்தது. ஆனாலும் வாசித்தது ஒன்று, எழுதியது வேறொன்றாக இருந்துவிட்டால்? வீட்டுக்குப் போய் எதையும் தொடாமல் படுத்துக்கொண்டாளாம்.

மறுநாள் என் பஸ் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. பள்ளியில் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றப் போனவள், உள்ளே ஆள் இருப்பதைக் கண்டு அப்படியே நின்றேன்.

அவள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தாள். “எ… ன்… என். அ… ம்… மா.” விரல் நகர்ந்தது. “மா… வு.” அதற்கடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். சுவரில் உயிர்மெய் எழுத்து அட்டவணை தொங்கியது. அங்கே நடந்து போனாள். பாட்டாக மனப்பாடமாகியிருந்த க, கா, கி வரிசைகளைச் சொல்லிக்கொண்டே விரலை ஓட்டித் தேடினாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, மறந்துவிடுமோ என்று வேகமாகத் திரும்பி வந்தாள். “பி… சை… யு…”

இப்படிப் பலகைக்கும் அட்டவணைக்குமாக எத்தனை நடை நடந்தாள் என்று நான் எண்ணவில்லை. ‘எழுந்ததும்’ என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று நடை. ‘ழு’ எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ழகர வரிசையைக் கண்டுபிடித்ததும் குதித்தாள். நான் உள்ளே போய் உதவியிருக்கலாம். ஒரு காலில் செருப்போடு, மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல் அங்கேயே நின்றேன். உள்ளே போனால் என் முகத்தைப் பார்த்துவிடுவாள் என்று பயம். பலகைக்கு என்ன முகம் இருக்கிறது? அது எதையும் காட்டிக்கொடுக்காது.

முழுவதும் முடிந்தபிறகு இன்னொரு முறை முதலிலிருந்து விரலை ஓட்டினாள். இந்தமுறை வேகமாக. பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். நான் அப்போதுதான் வருவதுபோல வந்தேன். அவள் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. அவள் காத்திருந்தது வேறு ஆளுக்கு.

மாஸ்டர் மகன் கடைசி வாய் பொங்கலை மென்றுகொண்டே உள்ளே வந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள்.

“எங்கலே கழுத? காட்டு.”

அவன் விழித்தான். அவள் குரலை அவன் அதற்குமுன் கேட்டிருப்பானா என்பதே சந்தேகம்.

“இந்தா இருக்கு, ழு!” என்றான் கடைசியில்.

“ழு இருந்தா கழுதையா? க எங்க? தை எங்க?”

பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். விஷயம் என்னவென்று தெரிந்ததும் ஆளாளுக்குப் பலகையில் கழுதையைத் தேட ஆரம்பித்தார்கள். இருபது விரல்கள் எழுத்து எழுத்தாக ஊர்ந்தன.

“க இல்ல டீச்சர்! ஒரு க கூட இல்ல!”

“இது க மாதிரி இருக்கே?”

“அது த-டா. எழுந்ததும்ல வர்ற த.”

“தை இல்ல. சை இருக்கு. பிசையும்.”

“சை வச்சு கழுசையா?” என்று ஒரு பெண் கேட்க, வகுப்பு அதிர்ந்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் மேசையிலிருந்து குச்சியை எடுத்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, “என், அம்மா, மாவு, பிசையும்போது, பாட்டுப், பாடினார். நான், எழுந்ததும், நிறுத்திவிட்டார்” என்று அவனுக்கு வாசித்துக் காட்டினாள். “இதுல எங்க இருக்கு கழுத?”

தான் தனியாக வாசித்துவிட்டோம் என்பது அவளுக்கே அப்போது தெரியவில்லை. அவளுக்கு வழக்குதான் முக்கியம். கண்ணில் நீர் வந்தது எனக்குத்தான். திரும்பிக்கொண்டு, சன்னலுக்கு வைத்த கல்லை வீணாக நகர்த்தினேன்.

மாஸ்டர் மகன் என்னைப் பார்த்தான். “டீச்சர், நான் ழுவ மட்டும் பாத்தேன். மிச்சத்த நானே போட்டுக்கிட்டேன்.”

அது பொய்யா, கேலியா, நிஜமாகவே அப்படித்தான் வாசித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் வாசிக்கும் விதம் தெரிந்தவள் என்பதால் நிஜமாக இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். “அவன் முழுசா வாசிக்கணும். போட்டுக்கக் கூடாது” என்றாள். குச்சியை அவள் பிடித்துக்கொள்ள, அவன் எழுத்தெழுத்தாக வாசித்தான். மணி அடித்து, அடுத்த பாட நேரம் தொடங்கியும் முடியவில்லை. ‘நிறுத்திவிட்டார்’ வந்ததும் வியர்த்துவிட்டது. ஆனால் ஒரு எழுத்தைக்கூட அவனாகப் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். கறுப்புப் புர்கா, முழங்கை வரை சுருட்டிய கை, மணிக்கட்டில் காய்ந்த மாவு. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார்.

“டீச்சர், நான் பாடுறத போர்டுல எழுதிப் போட்டீங்களாமே. இடியாப்பம் வாங்க வந்த அக்கா கேக்குறாக, பாட்டெல்லாம் பாடுவியாமேன்னு. எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கிறதுன்னு தெரியல. இவ அத்தாவுக்கே தெரியாது.”

தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். “நானுங்க, உங்ககிட்டக் கேட்டுட்டு எழுதியிருக்கோணும். அவ பேசுன சந்தோசத்துல மறந்து போச்சுங்க. மன்னிச்சுக்கோங்க.”

என் பேச்சைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டால் வாயை மறைத்துக்கொண்டார்.

“என்ன எழுதுனா இவ? காட்டுங்க பாப்போம்.”

மகள் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அம்மா நின்றபடியே வாசித்தார். எட்டாவது வரை படித்தவராம். வாசித்துவிட்டு மறுபடி ஒருமுறை வாசித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

“இது தப்பா இருக்கே.”

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

“இவளப் பாத்து நான் எங்க நிறுத்துனேன்? அடுப்புல பால் பொங்கிருச்சு. அதுக்கு ஓடுனேன். இவளப் பாத்து நான் எதுக்கு நிப்பாட்டணும்?” மகளின் தலையில் கை வைத்தார். “நீ எந்திரிச்சா நான் பாட மாட்டேன்னு நெனச்சுக்கிட்டியா?”

அவள் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் பலகைக்குப் போனேன். அன்றைய செய்தியின் கீழே, திருத்தம் என்று எழுதிக் கோடு போட்டேன். அந்தச் சொல் பிள்ளைகளுக்குப் புதிது. ‘அம்மா பாட்டை நிறுத்தவில்லை. பால் பொங்கியது.’ எல்லோரும் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். அம்மாவும் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்.

“அப்ப இப்ப பாடுங்க” என்றான் மாஸ்டர் மகன். அவனைத் தவிர வேறு யார் கேட்பார்கள்?

“போப்பா. ஆள் பாக்கும்போது எனக்கு வராது.”

“நாங்க பாக்கல!”

சொல்லி முடிப்பதற்குள் திரும்பிவிட்டான். அவனைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அடுத்தவன். இருபத்திரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, சம்மணம் போட்டு, முதுகு நேராக உட்கார்ந்தார்கள். என்னையும் திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன்.

பிறகு மெதுவாகக் குரல் வந்தது. என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. அதற்குமுன் கேட்டதும் இல்லை. குரல் கொஞ்சம் கரகரப்பு. இரண்டு வரிக்குப் பிறகு கரகரப்பு போய், தைரியம் வந்து, சுவரில் பட்டுத் திரும்பியது.

“ஏம்மா!” என்று வாசலில் தலைமையாசிரியையின் குரல் கேட்டது. பாட்டு நின்றுவிட்டது. “என்ன தப்புப் பண்ணுச்சுக? எல்லாத்தையும் செவத்தப் பாக்க வச்சு, நீங்களும் செவத்தப் பாத்து நிக்கிறீங்க?”

இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா புர்காவைச் சரிசெய்துகொண்டு வேகமாக வெளியேறினார். போகிறபோது சிரித்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு அந்தப் பெண் நிறைய மாறிவிட்டாள் என்று எழுதினால் அது உண்மையல்ல. இப்போதும் அதிகம் பேச மாட்டாள். ஆனால் எழுத்தைக் கண்டால் விடுவதில்லை. சத்துணவு அரிசி மூட்டையில் இருப்பதை வாசிப்பாள், சாக்பீஸ் டப்பாவை வாசிப்பாள், என் பஸ் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி வாசிப்பாள். பலகையில் நான் ஓர் ஒற்றெழுத்தை விட்டால் எழுந்து வந்து காட்டுவாள். மாஸ்டர் மகனுக்கு வாசிப்பு பிடிபட மார்ச் மாதம் வரை ஆனது. இடையில் அவன் தடுமாறும்போதெல்லாம் அவளைத்தான் பார்ப்பான். அவளோ உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அதை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் இருவரும் இப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்கு வேறு மூன்றாம் வகுப்பு, வேறு பிள்ளைகள். செய்தி எழுதுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஒரு காலை, முறை வந்த சிறுவன் எழுந்து நின்றான். நெற்றியைச் சுருக்கினான், காலை மாற்றி மாற்றி வைத்தான். வகுப்பு பொறுமையாகக் காத்திருந்தது.

“நேத்து ஒன்னுமே நடக்கல டீச்சர்” என்றான்.

“நெசமாவா கண்ணு? நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சுட்டேன். எந்திரிச்சோம், சாப்ட்டோம், பள்ளிக்கூடம் வந்தோம், தூங்குனோம்.”

‘நேற்று ஒன்றும் நடக்கவில்லை’ என்று பலகையில் எழுதினேன். எல்லோரும் வாசித்தார்கள், நோட்டில் எழுதினார்கள். அவன் பச்சைச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் என்ன படம் வரைவது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றான்.